முப்பத்திரண்டு பல்

பரமேஷ் கடையில் இரண்டு கேசட்டுகள்
கன்னட பேப்பர்மேல் அருகருகே கிடக்கின்றன.
கிரீஸ் பட்ட இடத்தில்
யாரோ ஒரு வேட்பாளரின் நெற்றி பளபளக்கிறது.
ஒன்றில் பெரிய சக்கரத்துக்கு இருபத்தைந்து பல்,
மற்றதில் முப்பத்திரண்டு.
"யோச்னெ மாடி ஹேளி மேடம்"
என்றவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

இருபத்தைந்தை எனக்குத் தெரியும்.
விடியுமுன் தேவனஹள்ளி சாலையில்
ஏர்போர்ட் டாக்சிகள் வலது முழங்கையை உரசிப் போகும்.
எதிர்க்காற்று ஒரு பிடி கூடும்போது
ஒரே ஒரு பல் கூட்டினால் போதும்,
கால் தன் தாளத்தை விடாது.
நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று.
நீந்தி வந்து, இனி ஓடவும் போகிற காலுக்கு
அந்தத் தொண்ணூறுதான் சேமிப்பு.

முப்பத்திரண்டில் அது கிடைக்காது.
பல்லுக்குப் பல் இடைவெளி அகலம்.
ஒரு கியரில் கால் வெறுமனே சுழலும்,
அடுத்ததில் மாவரைக்கும்.
நடுவில் எனக்கு வேண்டியது இருக்காது.

ஆனால் நந்தி மலை இருக்கிறது.
அடிவாரத்திலிருந்து உச்சிவரை
ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர்.
ஏழரை!
சோனாலியிடம் சொல்லிப் பார்த்தேன்,
மராத்திக்காரி, "ஏழரைதானே?" என்றாள்.

போன மாதம் இருபத்தைந்தோடு ஏறினேன்.
பாதிகூட ஆகவில்லை, ஒரு கொண்டை ஊசி வளைவில்
பல் தீர்ந்துவிட்டது.
லீவரைத் தட்டுகிறேன், தட்டுகிறேன்,
காலியான ஏடிஎம்மைத் தட்டுகிற மாதிரி.
மிச்ச மலையை என் வாயிலிருந்த பல்லால்தான் ஏறினேன்,
கடித்துக்கொண்டு.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
கொய்யாப்பழம் ஒன்றை முழுசாகத் தின்று முடித்தது.
அதுவரை அதன் எதிரிலேயே இருந்தேன்.

"முப்பத்திரண்டா? அது சாப்பாட்டுத் தட்டு ஆன்ட்டி!"
என்று சிரித்தான் ரித்விக்.
அவனுக்கு இருபத்தாறு வயது, ஐம்பத்தெட்டு கிலோ.
காற்றடித்தாலே மேலே போய்விடுவான்.

பழைய பில்லின் பின்பக்கம் கணக்குப் போடுகிறேன்.
முன்னால் முப்பத்துநான்கு பல்.
பின்னால் இருபத்தைந்து என்றால்
பெடல் ஒருமுறை சுற்ற, வண்டி போவது
இரண்டு மீட்டர் எண்பத்தாறு.
முப்பத்திரண்டு என்றால் இரண்டு இருபத்துமூன்று.
வித்தியாசம் அறுபத்துமூன்று சென்டிமீட்டர்,
ஜெயநகர் கிளையில் என் மேசையின் அகலம்.

அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
பதினேழு வருடமாக வீட்டுக்கடன் கொடுக்கிறேன்.
கடன் குறையாது, தவணையைச் சின்னதாக்கலாம்,
மாதங்கள் கூடும், வட்டியும் கூடும்,
மூச்சு மிஞ்சும்:
எத்தனை பேருக்கு எழுதிக் காட்டியிருப்பேன்.
இருபது வருடம் கேட்டார் என்று
ஒருவரையும் பார்த்துச் சிரித்ததில்லை.
என் தவணைக்கு மட்டும் ஏன்
ரித்விக்கின் கையெழுத்து?

இருந்தாலும் நவம்பர் போட்டிப் பாதையில்
மேடு என்று சொல்ல ஒரு மேம்பாலம்தான்.
நேரம்தான் முக்கியமென்றால் இருபத்தைந்தை எடுக்கவேண்டும்.
நேரம்தான் முக்கியமா
என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.
நாற்பத்துநான்கு வயதில் நீச்சல் கற்றவள்.
போட்டி ஒரு காலை.
நந்தி எல்லா ஞாயிற்றுக்கிழமையும்.

பரமேஷ் எனக்கும் ஒரு டீயோடு வருகிறான்.
"மேடம், இருபத்தெட்டும் உள்ளே இருக்கு.
ரெண்டுக்கும் நடுவுல."
நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போகிறது.
கடைசிப் பல் நாலையும்
பிரேசர் டவுனில் ஒரு டாக்டர் பிடுங்கிவிட்டார்.
என்னிடம் இருப்பதும் அதே இருபத்தெட்டுதான்,
அதை வைத்துத்தான் போன மாதம் ஏறினேன்.

"வேண்டாம்" என்கிறேன்.
"ஞானப்பல்லையும் சேர்த்தே மாட்டு."

அவனுக்கு விளங்கவில்லை. தட்டையே எடுக்கிறான்.
சக்கரத்தைக் கழற்றி
செயினை விரலிடுக்கில் தொங்கவிட்டு
கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான்.

"இதுக்குச் செயின் நீளம் பத்தாது மேடம்.
அதையும் மாத்தணும்."

எவ்வளவு என்று கேட்கிறேன்.
டீயைக் கீழே வைத்துவிட்டுக்
கண்ணியை எண்ணத் தொடங்குகிறான்.